மைக்ரேன்: “வெறும் தலைவலி”க்கு எதற்கு நிதி திரட்டவேண்டும்?

“தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.”

வீட்டில் பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். காய்ச்சலுக்காவது வெப்பமானி இருக்கிறது. 38.5 டிகிரி என்று காட்டினால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். தலைவலிக்கு அப்படி ஒரு கருவி இல்லை. நீங்கள் சொல்வதை மற்றவர் நம்பவேண்டும், அவ்வளவுதான்.

நம்புவதும் அவ்வளவு எளிதல்ல. அம்மா கோடாலித் தைலத்தை எடுத்துக்கொண்டு ஓடி வருவார். (மைக்ரேன் இருப்பவர்கள் பலருக்கு அந்த வாடையே தாங்காது என்பது வேறு கதை.) நண்பர், “தலைவலிதானே, பனடோல் போட்டுட்டு வா லா” என்பார். மூன்றாவது முறையாக எம்சி எடுத்தால் வேலையிடத்தில் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

இந்த நம்பிக்கையின்மைக்கும் ஆய்வுப் பணத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஒரு நோயை “சும்மா” என்று நினைக்கும் சமூகம், அந்த நோயை ஆராய்வதற்குப் பணம் ஒதுக்காது. மைக்ரேனுக்கு நடந்திருப்பது அதுதான்.

தலைவலிக்கும் மைக்ரேனுக்கும் என்ன வித்தியாசம்?

தமிழில் இதை ஒற்றைத் தலைவலி என்கிறோம். பெயரே கொஞ்சம் குழப்பும். எல்லாருக்கும் ஒரு பக்கம் மட்டும் வலிப்பதில்லை, இரண்டு பக்கமும் வலிக்கலாம். அதைவிட முக்கியம், இது வெறும் வலி அல்ல. மைக்ரேன் மூளையும் நரம்புகளும் சம்பந்தப்பட்ட நோய். தலைவலி அதன் ஒரு கட்டம் மட்டுமே.

வலி வருவதற்கு முன்தினமே சிலருக்கு அடிக்கடி கொட்டாவி வரும், கழுத்து இறுகும், இனிப்பு சாப்பிடவேண்டும்போல் இருக்கும். பிறகு வலி. சிகிச்சை எடுக்காவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம்வரை நீடிக்கலாம். கூடவே குமட்டல், வாந்தி. வெளிச்சம் குத்தும். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்கூட இடிபோல் கேட்கும். வலி போன பிறகும் ஒருநாள் முழுக்கத் தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கும்.

மைக்ரேன் உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வலிக்கு முன்பு “ஆரா” வரும். கண்ணெதிரே மின்னும் வளைவுக் கோடுகள், அல்லது பார்வையில் ஓர் ஓட்டை. அது மெல்ல மெல்லப் பெரிதாகி நகரும்.

கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர் தமக்கு வந்த ஆராவையே நேரம் பார்த்துத் தாளில் வரைந்து வைத்தார். பார்வையில் அந்தக் கோடு நகரும் வேகத்தை வைத்து, மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் பரவுகிறது என்று கணக்கிட்டு 1941இல் வெளியிட்டார். 1944இல் பிரேசிலைச் சேர்ந்த அரிஸ்டிடிஸ் லியாவோ, முயலின் மூளையில் கிட்டத்தட்ட அதே வேகத்தில் பரவும் ஒரு மின் அலையைக் கண்டுபிடித்தார். ஸ்கேன் கருவிகள் வருவதற்கு வெகுகாலத்துக்கு முன்பு, ஒருவர் தம் நோயைப் பென்சிலால் குறித்து வைத்ததில் கிடைத்த கணக்கு அது. குறித்து வைப்பது பற்றிப் பின்னால் மறுபடியும் பேசுவோம்.

எத்தனை பேருக்கு இருக்கிறது?

உலகெங்கும் 1 பில்லியனுக்கும் அதிகமானோருக்கு. ஏறக்குறைய ஏழில் ஒருவர். உங்கள் வகுப்பில் 35 பேர் இருந்தால், ஐந்து பேருக்கு இப்போதோ பிற்காலத்திலோ மைக்ரேன் இருக்க வாய்ப்புண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம்.

நோய்களின் சுமையைக் கணக்கிடும் உலகளாவிய ஆய்வின் 2019ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, மனிதர்களைச் செயல்படவிடாமல் முடக்கும் காரணங்களில் மைக்ரேனுக்கு இரண்டாம் இடம். 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களிடம் அதற்கு முதலிடம். படிக்கும் வயது, வேலையில் காலூன்றும் வயது, பிள்ளை வளர்க்கும் வயது எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகின்றன.

சிங்கப்பூரிலும் ஒரு கணக்கு எடுத்தார்கள். வேலை செய்வோரிடையே மைக்ரேனால் 2018இல் ஏற்பட்ட செலவு சுமார் 1.04 பில்லியன் வெள்ளி. அதில் மருந்தும் மருத்துவரும் சிறு பகுதிதான். ஏறக்குறைய 80 விழுக்காடு, வேலைக்கு வரமுடியாமல் போனதாலும், வந்தும் சரியாக வேலை பார்க்க முடியாததாலும் ஏற்பட்ட இழப்பு.

“வந்தும் முடியாதது” என்பதை யோசித்துப் பாருங்க. கணினித் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு, வாந்தியை அடக்கிக்கொண்டு, கூட்டத்தில் தலையாட்டிக்கொண்டு இருப்பவர் அந்தக் கணக்கில் இருக்கிறார். பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு அது தெரியாது.

அப்படியென்றால் பணம் ஏன் வரவில்லை?

சனிக்கிழமை காலையில் எம்ஆர்டி நிலையத்துக்கு வெளியே தகர உண்டியலை ஏந்தி நின்றிருக்கிறீர்களா? காசு போட்டவர் சட்டையில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்களா? பள்ளியில் படித்த பலருக்கு அந்த அனுபவம் உண்டு. புற்றுநோய், சிறுநீரகம், முதியோர், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள்... எதற்காகவெல்லாம் நின்றீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்க. மைக்ரேனுக்காக நின்றதாக ஞாபகம் இருக்கிறதா?

மைக்ரேன் பொதுவாக உயிரைப் பறிப்பதில்லை. அது நல்ல செய்திதான். ஆனால் நன்கொடைப் பெட்டிக்கு முன்னால் அது பலவீனம். வலி வந்துபோகிறது. போன பிறகு ஆள் சாதாரணமாக இருக்கிறார். வரும்போதோ இருட்டறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறார், யாரும் பார்ப்பதில்லை. வழக்கமான ஸ்கேனிலும் ஒன்றும் தெரியாது. சுவரொட்டியில் போட ஒரு படம்கூடக் கிடைக்காத நோய் இது.

இன்னொரு காரணத்தைச் சொல்லாமல் விடமுடியாது. “பொம்பளைங்களுக்கு வர்ற தலைவலி” என்ற பேச்சு வீட்டில் மட்டும் இல்லை, மருத்துவ உலகிலும் நெடுங்காலம் இருந்தது. பதற்றப்படும் பெண்களின் நோய் என்று எழுதியே வைத்தார்கள். அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகங்கள் நோய்களுக்கு ஒதுக்கும் ஆய்வு நிதியை, அந்த நோய்கள் தரும் சுமையோடு ஒப்பிட்டு 2021இல் ஓர் ஆய்வு வெளியானது. பெண்களை அதிகம் பாதிக்கும் நோய்கள் சுமைக்குக் குறைவான நிதியைப் பெறும் போக்கு அதில் தெரிந்தது. சுமையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவாகப் பெறும் நோய்களில் மைக்ரேனும் ஒன்று.

உலகிலேயே அதிக ஆய்வுப் பணம் புழங்கும் நாட்டில் இதுதான் நிலை.

பணம் கிடைத்தபோது என்ன நடந்தது?

இதைத் தெரிந்துகொண்டால்தான் நிதி திரட்டுவதில் என்ன பயன் என்பது புரியும்.

1980களின் தொடக்கத்தில் சில விஞ்ஞானிகள் ஒரு ஹார்மோனின் மரபணுவை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். தைராய்டு சுரப்பியில் உருவாகும் கால்சிட்டோனின்தான் அந்த ஹார்மோன். மைக்ரேன் அவர்கள் மனத்தில் இல்லவே இல்லை. அதே மரபணு நரம்புகளில் வேறொரு பொருளையும் உருவாக்குகிறது என்று தெரியவந்தது. அதற்கு சிஜிஆர்பி என்று பெயர் வைத்தார்கள். ரத்தக்குழாய்களை விரிக்கும் வல்லமை அதற்கு மிக அதிகம்.

இதற்கிடையே அமெரிக்காவின் மைக்கேல் மாஸ்கோவிட்ஸ், முகத்தின் உணர்ச்சி நரம்பு மூளையின் உறையில் உள்ள ரத்தக்குழாய்களோடு தொடர்புடையது, மைக்ரேன் வலி அங்கிருந்துதான் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுவீடனின் லார்ஸ் எட்வின்சன் அதே நரம்பில் சிஜிஆர்பி இருப்பதைப் பார்த்தார். அவரும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பீட்டர் கோட்ஸ்பியும் ஒரு கேள்வி கேட்டார்கள்: மைக்ரேன் வரும்போது இந்தப் பொருள் வெளியே வருகிறதா?

அதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான். வலி உச்சத்தில் இருக்கும்போது நோயாளியின் கழுத்து நாளத்திலிருந்து ரத்தம் எடுக்கவேண்டும். வெளிச்சம்கூடத் தாங்காத அந்த நேரத்தில் கழுத்தை நீட்டியவர்கள் இருந்தார்கள். 1990இல் முடிவு வெளிவந்தது. ஆம், சிஜிஆர்பி கூடியிருந்தது. சில ஆண்டுகள் கழித்து, சுமாட்ரிப்டான் என்ற மருந்தால் வலி தணியும்போது அதன் அளவும் இறங்குவதைக் காட்டினார்கள்.

கூடவே இருப்பதால் அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாதே? டென்மார்க்கின் யெஸ் ஓலிசன் குழு அதையும் சோதித்தது. மைக்ரேன் உள்ளவர்களுக்கு சிஜிஆர்பியை நாளத்தின் வழியே செலுத்தினார்கள். 2002இல் வெளியான முடிவின்படி, அவர்களுக்குத் தலைவலி வந்தது. சிலருக்கு அது மைக்ரேனாகவே மாறியது. தமக்கு மைக்ரேன் வரக்கூடும் என்று தெரிந்தே ஒப்புக்கொண்டவர்கள் அவர்கள். ஆய்வறிக்கைகளில் அவர்கள் பெயர் இருக்காது.

அதன் பிறகும் உடனே மருந்து வந்துவிடவில்லை. 2004இல் ஒரு மருந்து வேலை செய்தது, ஆனால் அதை நாளத்தின் வழியாகத்தான் செலுத்தமுடிந்தது. மாத்திரையாக வந்த இன்னொன்று கல்லீரலைப் பாதிக்கலாம் என்ற கவலையால் 2011இல் கைவிடப்பட்டது. கடைசியில் 2018 மே மாதம், சிஜிஆர்பியின் வேலையைத் தடுக்கும் முதல் மருந்துக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. எரெனுமாப் என்ற அந்த மருந்து மாதம் ஒருமுறை போடும் ஊசி. பின்னர் மாத்திரைகளும் வந்தன.

கழுத்து நாளத்திலிருந்து ரத்தம் எடுத்த ஆய்வு வெளியாகி 28 ஆண்டுகள்.

அதற்கு முன் மைக்ரேன் வராமல் தடுக்க மருத்துவர்கள் என்ன கொடுத்தார்கள் தெரியுமா? பெரும்பாலும் வேறு நோய்க்கான மருந்துகள். ப்ரோப்ரனலால் இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வந்தது. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு, டோப்பிரமேட் வலிப்பு நோய்க்கு. அவை இன்றும் பலருக்குப் பலன் தருகின்றன, குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஏழில் ஒருவருக்கு இருக்கும் நோய்க்கு இரவல் மருந்து.

மேலே சொன்ன நான்கு ஆய்வாளர்களுக்கும் 2021இல் டென்மார்க்கின் மூளை ஆய்வு விருதான பிரெயின் பிரைஸ் கிடைத்தது.

அப்போ பிரச்சினை தீர்ந்துவிட்டதா?

இல்லை. புதிய தடுப்பு மருந்துகளை எடுப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் மைக்ரேன் நாள்கள் பாதியாகக் குறைகின்றன. மற்றவர்களுக்கு ஏன் வேலை செய்வதில்லை? யாருக்கு எது ஒத்துவரும் என்று முன்கூட்டியே சொல்ல ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. ஒன்று மாற்றி ஒன்று என்று முயன்று பார்க்கவேண்டியதுதான். விலையும் அதிகம்.

நம்மைத் தொடும் விஷயம் இன்னொன்று உண்டு. மைக்ரேனுக்கும் மரபணுக்களுக்கும் உள்ள தொடர்பு பற்றி 2022இல் மிகப் பெரிய ஆய்வு ஒன்று வெளியானது. 102,000க்கும் அதிகமான நோயாளிகளின் தரவுகளை ஆராய்ந்து, மரபணுத் தொகுப்பில் 123 இடங்கள் மைக்ரேனோடு தொடர்புடையவை என்று கண்டறிந்தார்கள். அருமையான வேலை. ஆனால் அவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். உங்கள் அம்மாவுக்கும் உங்களுக்கும் மைக்ரேன் இருந்தால், அது எந்த மரபணு வழியாக வந்தது என்பதற்கு அந்த 123 இடங்கள் எவ்வளவு பொருந்தும்? அதற்குப் பதில் வேண்டுமானால் ஆசியாவில் ஆய்வு நடக்கவேண்டும், ஆசியர்கள் அதில் சேரவேண்டும், யாராவது பணம் கொடுக்கவேண்டும்.

மருந்து நிறுவனங்கள் கொடுக்காதா என்று கேட்கலாம். கொடுக்கும், விற்கக்கூடிய மருந்து கண்ணுக்குத் தெரியும் கட்டத்தில். கால்சிட்டோனின் மரபணுவை நோண்டிக்கொண்டிருந்த கட்டம் ஒன்று இருந்ததே? பெரும்பாலும் அரசாங்க நிதியும் நன்கொடையும்தான் அங்கே கைகொடுக்கின்றன. பெரிய தொகையாக இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. இளம் ஆய்வாளர் ஒருவர் தம் யோசனையை ஓராண்டு சோதித்துப் பார்க்கும் அளவுக்குக் கிடைத்தால், அந்த முடிவைக் காட்டிப் பெரிய நிதிக்கு விண்ணப்பிக்கலாம்.

நான் என்ன செய்யமுடியும்?

ஜூன் மாதம் மைக்ரேன், தலைவலி விழிப்புணர்வு மாதம். ஊதா நிறம் அதன் அடையாளம். ஜூன் 21ஆம் தேதி “ஷேட்ஸ் ஃபார் மைக்ரேன்” என்ற இயக்கத்துக்காகப் பலர் கறுப்புக் கண்ணாடி அணிந்து படம் எடுத்துப் போடுவார்கள். வடக்கு நாடுகளில் அதையொட்டித்தான் ஆண்டின் மிக நீண்ட பகல் வரும். வெளிச்சம் தாங்காதவர்களுக்குப் பொருத்தமான நாள். (நமக்கு ஆண்டு முழுவதும் பகல் கிட்டத்தட்ட ஒரே நீளம்தான், இருந்தாலும் கண்ணாடி போடலாம்.)

படத்தோடு இரண்டு வரி எழுதுங்கள். “எனக்கு வந்தால் இப்படித்தான் இருக்கும்” என்று நீங்களோ உங்கள் அக்காவோ சொல்வது, பொதுவான வாசகத்தைவிட அதிகப் பேரைத் தொடும்.

நிதி திரட்ட ஆசையா? இங்கே கொஞ்சம் கவனம் தேவை. சிங்கப்பூரில் இதற்கு விதிகள் உண்டு.

தெருவிலோ வீடு வீடாகவோ சென்று பணம் கேட்க உரிமம் வேண்டும். நண்பர்கள் நால்வர் சேர்ந்து உண்டியலோடு கிளம்பிவிட முடியாது. வெளிநாட்டு அமைப்புக்காகப் பொதுமக்களிடம் திரட்டுவதற்கு, எடுத்துக்காட்டாக பிரிட்டனில் 1965இல் தொடங்கிய மைக்ரேன் டிரஸ்ட்டுக்காக என்று வைத்துக்கொள்வோம், அறநிறுவன ஆணையாளரின் அனுமதி தேவை. அப்படித் திரட்டும் பணத்தில் குறைந்தது 80 விழுக்காட்டைச் சிங்கப்பூரிலேயே பயன்படுத்தவேண்டும் என்பது பொதுவான விதி. ஆணையாளர் அதைத் தளர்த்தலாம்.

எளிய வழி, ஏற்கெனவே பதிவுபெற்ற உள்ளூர் அமைப்போடு சேர்ந்து செய்வது. பொது மருத்துவமனைகள், பல்கலைக்கழகங்கள் சிலவற்றுக்கு நன்கொடை ஏற்கும் நிதிகள் இருக்கின்றன. கொடுப்பதற்கு முன் மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்: “இந்தப் பணத்தைத் தலைவலி, மைக்ரேன் ஆய்வுக்கு மட்டும் பயன்படுத்தமுடியுமா? அதை எழுத்தில் தருவீர்களா?” இதைக் கேட்கச் சங்கடப்படவேண்டாம். குறிப்பிட்டுச் சொல்லாவிட்டால் பணம் பொது நிதியில் கலந்துவிடும், அங்கேயும் நல்லதுக்குத்தான் போகும், ஆனால் மைக்ரேனுக்குப் போகாது.

அந்த அமைப்புக்கு ஐபிசி தகுதி இருக்கிறதா என்று அறநிறுவன இணையவாசலில் பாருங்கள். இருந்தால் கொடுப்பவருக்கு நன்கொடைத் தொகையைப்போல் இரண்டரை மடங்கு வரிக் கழிவு கிடைக்கும். நீங்கள் இன்னும் வரி கட்டும் வயதுக்கு வரவில்லை என்றால் மாமாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அறநிறுவனங்கள் நிதி திரட்டுவதற்காகச் செய்யும் செலவு, திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பதும் விதி. எவ்வளவு செலவானது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வாட்ஸ்அப்பில் வரும் “அவசர உதவி” வங்கிக் கணக்கு எண்ணுக்கு எதையும் அனுப்பாதீர்கள்.

பணம் இல்லையென்றால்?

உங்களிடம் இருப்பது தகவல். ஆய்வுக்கு அதுவும் தேவை. மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் அவ்வப்போது ஆய்வுக்கு ஆள் தேடும். மைக்ரேன் இல்லாதவர்களும் தேவைப்படுவார்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. 21 வயதுக்குக் கீழ் என்றால் பொதுவாகப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். என்ன செய்யப்போகிறார்கள், தரவு எங்கே போகும், பாதியில் விலகலாமா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

உங்களுக்கே மைக்ரேன் என்ற சந்தேகம் இருந்தால், லாஷ்லி செய்ததைச் செய்யுங்கள். குறித்து வையுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது முடிந்தது, எந்தப் பக்கம், வாந்தி உண்டா, முந்திய இரவு தூக்கம் எப்படி, மாதவிடாய் நாளா, எந்த மாத்திரை எத்தனை. கைப்பேசிக் குறிப்பேடே போதும்.

மாத்திரைக் கணக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். மூன்று மாதத்துக்கும் மேலாக, மாதத்தில் 15 நாளோ அதற்கு அதிகமாகவோ பாரசிட்டமால் போன்ற வலி மாத்திரை எடுத்தால், அந்த மாத்திரையாலேயே தலைவலி வரத் தொடங்கலாம். டிரிப்டான் வகை மருந்துகளுக்கு அந்த எல்லை 10 நாள். “வலிக்குது, போடுறேன். போட்டும் வலிக்குது” என்று சுற்றிக்கொண்டிருப்பவர்கள் பலர் இதில் மாட்டியவர்கள்.

இடி விழுந்ததுபோல் திடீரென்று, இதுவரை வராத கடுமையில் தலைவலி வந்தாலோ, கூடவே கை கால் தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, குறிப்பெழுத உட்காராதீர்கள். 995ஐ அழையுங்கள்.

மற்றபடி, இரண்டு மூன்று மாதக் குறிப்பு சேர்ந்ததும் அதை எடுத்துக்கொண்டு வழக்கமான மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்துக்கோ போங்கள். தேவைப்பட்டால் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புவார்கள். கிளம்புவதற்கு முன் ஒரு கேள்வி: “மைக்ரேன் பற்றி இங்கே ஏதாவது ஆய்வு நடக்கிறதா, நான் சேரமுடியுமா?”